ஆறிப்போன ஸ்லைடு

இதை எழுதத் துணிந்ததற்காக முதலில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விலங்கியல் படித்துவிட்டு மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். இதுவரை நான் எழுதியதெல்லாம் ‘உள்ளது’, ‘இல்லை’, ‘மிகுதி’ என்ற அளவிலான முடிவுகளே. அவற்றை யாரும் நடைக்காக வாசித்ததில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல முயல்கிறேன். வெளிப்படையாகப் பேசக் கூசும் ஒரு நோயைப் பற்றியும் சொல்ல நேர்கிறது. எங்கேனும் வரம்பு மீறியதாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஆய்வகம் மருத்துவமனையின் பின்பக்கத்தில், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒரு சன்னல், ஒரு நீள மேசை, ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம், கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்தினால் மட்டுமே மூடிக்கொள்ளும் குளிர்பெட்டி. மேசையின் நடுவில் இரட்டைத் தலை நுண்ணோக்கி. ஒருவர் பார்க்கும் அதே வட்டத்தை எதிரே அமர்ந்திருப்பவரும் பார்க்கலாம். மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்று வாங்கினார்களாம். மாணவர்கள் எவரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே இரண்டாம் தலை எனக்கு வாய்த்தது. முதல் தலை கழுகு அக்காவுக்கு.

அக்காவின் பார்வைக் கூர்மைக்காக மருத்துவமனை முழுவதும் அவரைக் கழுகு என்றே அழைக்கும். அவர் எனக்கு வைத்த பெயர் மன்னிப்பு. நான் யார்மீது இடித்தாலும் மன்னிப்புக் கேட்பேன், யார் என்மீது இடித்தாலும் நானே கேட்பேன் என்பதால் வைத்தது.

“ஏய் மன்னிப்பு! ஓடி வா, வீட்டோட மாப்பிள்ளை வந்திருக்காரு!” என்று குரல் வந்தால் ஸ்லைடில் அமீபா இருக்கிறது என்று பொருள்.

“பாரு, முதல்ல ஒரு காலை மட்டும் நீட்டுறாரு. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா மொத்த உடம்பையும் அந்தப் பக்கம் ஊத்திடுவாரு. அப்புறம் பக்கத்துல இருக்கிறதெல்லாம் அவருக்குச் சாப்பாடு.”

அக்கா சொன்னது பாடநூலில் உள்ளதற்கு மாறானதன்று. அமீபாவுக்கு நிலையான கால் கிடையாது. வேண்டும்போது உடலே காலாக நீளும். பெருங்குடலின் சுவரை அரித்துச் சிவப்பணுக்களை விழுங்கியிருக்கும் அமீபாவை அப்படி நகரும்போது பார்ப்பது எனக்கு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மகிழ்ச்சியாகவே இருந்தது. நோயாளியின் வலி வேறு; அதை நான் மறந்தவளல்ல. ஆயினும் வாயில்லாமல் உண்டு, நுரையீரலில்லாமல் மூச்சு விட்டு, துணையில்லாமல் இரண்டாகப் பிரிந்து, ஒரே செல்லுக்குள் வாழ்க்கை முழுவதையும் முடித்துக்கொள்ளும் ஒன்றைக் கண்டு யாருக்குத்தான் வியப்பு வராது?

குடலில் வாழும் இன்னொரு ஒட்டுண்ணியான ஜியார்டியாவுக்கு அக்கா வைத்த பெயர் மாமியார். முகம்போன்ற உடலில் இரண்டு உட்கருக்கள் கண்களைப்போல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். “முறைக்கிறாங்கடீ. நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டுச் சொல்லு” என்பார். நான் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருந்துவேன்.

இந்த இரண்டுக்கும் ஒரு வித்தை தெரியும். காலம் கெட்டால் உடலைச் சுருக்கி, மேலே தடித்த உறை ஒன்றைப் பூட்டிக்கொண்டு, நீரிலும் மண்ணிலும் காத்துக் கிடக்கும். யாராவது குடிக்கும்போது உள்ளே போய் உறையைக் கழற்றும். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த வித்தை தெரியாது. டிரைக்கோமோனாஸ் என்று ஒன்று உண்டு. ஆண் பெண் உறவின்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது. அதற்கு உறை இல்லை. உடம்பின் சூட்டுக்கு வெளியே நெடுநேரம் பிழைக்காது. முன்னால் சாட்டைபோல் நான்கு இழைகள், பக்கவாட்டில் ஒரு துடுப்புப் படலம். உடல் சூட்டில் இருக்கும்வரை செருப்பு அறுந்தவன் பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல் குலுங்கிக் குலுங்கிப் போகும். குளிர்ந்தால் வேகம் குறையும், உருண்டுகொள்ளும், நின்றுவிடும். நின்ற பிறகு அதற்கும் ஒரு சாதாரண வெள்ளணுவுக்கும் வேறுபாடு காண்பது கடினம். அளவும் ஏறக்குறைய அதே, நிறமும் அதே.

ஆகவே அந்த மாதிரி வந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை எனக்கு அழுத்திச் சொன்னவரே கழுகு அக்காதான். “ஓடுறதை வச்சுத்தான் அவசரக்காரனைக் கண்டுபிடிக்கணும். நின்னுட்டான்னா கூட்டத்துல கலந்துடுவான்” என்பார்.

எங்கள் ஆய்வகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எழுதி ஒட்டியதன்று, நாங்களாகக் கைக்கொண்டது. தன் மாதிரியையும் தன் வீட்டாரின் மாதிரியையும் எவரும் தாமே பார்ப்பதில்லை. பயம் இல்லாததைக் காட்டும். ஆசை இருப்பதை மறைக்கும். ஆகவே எனக்கு அக்கா பார்ப்பார், அக்காவுக்கு நான் பார்ப்பேன். அவர் மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அக்கா வராந்தாவில் நின்றார். சிவப்பணுக்களுக்குள் மோதிரம்போல் கிடந்த மலேரியாக் கிருமிகளைக் கண்டு சொன்னவள் நான். “நல்லவேளை, நீ பார்த்தே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு உடன்பிறந்தவள் கிடைத்தாள் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

வீட்டில் என்றால் என் கணவரிடம். அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். வாசலில் எத்தனை பேர் நெருக்கியடித்தாலும் குரலை உயர்த்தாதவர். அதனால்தான் அவரைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதித்தேன்.

நெடுங்காலம் காத்திருந்து நான் கருவுற்றேன். இன்னொரு முறை வாய்ப்பது அரிது என்று பெண் மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருந்தார். ஆகவே படிக்கட்டில் இறங்கும்போதுகூடக் கைப்பிடியை விடமாட்டேன். அந்தச் சமயத்தில் என் கணவர் தம் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்.

“நான் புரண்டு புரண்டு படுப்பேன். நீ நிம்மதியாத் தூங்கும்மா” என்றார்.

“உங்களுக்குத் தரை சில்லுனு இருக்குமே?”

“எனக்கென்ன, நான் எங்க வேணும்னாலும் தூங்குவேன்.”

இப்படி ஒரு மனிதரா என்று எனக்குக் கண் கலங்கியது.

கர்ப்பத்தின் நடு மாதங்களில் எனக்கு எரிச்சலும் வெள்ளைப்போக்கும் தொடங்கின. மருத்துவர் மாதிரியை எடுத்துக் கொடுத்தார். நானே அதைக் கையில் பொத்தியபடி நடைவழியைக் கடந்து அக்காவிடம் கொண்டுபோனேன்.

“வை, அப்படி வை. முகத்தைப் பாரு, வேர்த்துக் கொட்டுது. போய் ஏதாவது குடிச்சிட்டு வா.”

“முதல்ல இதைப் பார்த்துடலாமே அக்கா? ஆறிடும்…”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? போடீன்னா போ.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது ஸ்லைடு மின்விசிறிக்கு நேர்கீழே மேசையில் கிடந்தது. அக்கா யாருடைய ரத்தத்தையோ வகை பார்த்துக்கொண்டிருந்தார். அதை முடித்தார், கை கழுவினார், தொலைபேசியில் பேசினார். பிறகு ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டாம் தலையைக் காட்டினார்.

“நீயே பாரு. அப்புறம் கழுகுக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லிடாதே.”

“ஐயோ, அப்படிச் சொல்வேனா?”

பார்த்தேன். உருண்டை உருண்டையாக வெள்ளணுக்கள். எதுவும் அசையவில்லை. வழக்கத்தை மீறிப் பார்க்கிறோமே என்று தோன்றினாலும், அக்காவே காட்டுகிறார் என்பதால் மறுக்கவில்லை. நான் வெளியே போயிருந்தபோது அவர் சூட்டோடு ஒருமுறை பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரி என்று பின்னால் தெரிந்தது.

“வெறும் வெள்ளணு. வயித்துல பிள்ளை இருக்கும்போது இதெல்லாம் சகஜம்” என்றார் அக்கா. அப்படியே முடிவு எழுதினார். மருத்துவர் அதை நம்பிப் பூஞ்சைக்கு மருந்து கொடுத்தார். எரிச்சல் நிற்கவில்லை. மறுபடி மாதிரி போயிற்று. மறுபடி எனக்கு வெளியே ஒரு வேலை வந்தது. மறுபடி அசையாத வட்டத்தைப் பார்த்தேன்.

மாதம் நிறையுமுன்னரே பனிக்குடம் உடைந்தது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவளுடைய விரல்களில் நகம் இன்னும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. அன்று பிற்பகலே மூச்சு நின்றது. இதற்கு மேல் எழுத எனக்குத் திறமை போதாது.

அக்கா வந்து என் கட்டிலருகே அமர்ந்து, என் தலையைத் தடவித் தடவி அழுதார். என் கணவரைவிட அதிகமாக அழுதவர் அவர்தான்.

ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். எரிச்சல் மட்டும் விட்டபாடில்லை. ஒருநாள் அக்கா மகனின் பள்ளிக்குப் போக வேண்டுமென்று விடுப்பு எடுத்திருந்தார். அன்று காலை மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாமா?” என்றார்.

“அக்கா நாளைக்குத்தான் வருவாங்க, டாக்டர்.”

“அதுக்கென்ன? உனக்குக் கண்ணு இல்லையா?”

மருத்துவரின் சொல்லைத் தட்டுவது எனக்கு இயலாத காரியம். உப்புநீர்க் குப்பியைச் சற்று நேரம் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கினேன். மாதிரியில் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடி மூடி, உடனே முதல் தலையில் அமர்ந்து பார்த்தேன்.

வட்டம் முழுவதும் ஓட்டமாக இருந்தது. சாட்டையை வீசிக்கொண்டு, உடலைக் குலுக்கிக்கொண்டு, வெள்ளணுக்களை இடித்துத் தள்ளியபடி அவை போய்க்கொண்டிருந்தன. யாருடைய மாதிரியையோ மாற்றி வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் எண்ணினேன். மேசையில் வேறு மாதிரியே இல்லை. இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதிலும் ஓட்டம்.

பிறகு செய்ததை ஏன் செய்தேன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. விளக்கை அணைத்தேன், அதன் சூடுகூடப் படக் கூடாதென்று. ஸ்லைடை மின்விசிறிக்கு நேர்கீழே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் வண்டியைக் கிளப்ப முடியாமல் மிதித்துக்கொண்டேயிருந்தார். அவர் கிளம்பிப் போனபின் எழுந்து, ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து, விளக்கைப் போட்டு மீண்டும் பார்த்தேன். ஒன்றிரண்டு மட்டும் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. இன்னும் காத்திருந்தேன். அவையும் உருண்டுகொண்டன.

எதிர்ப்பக்கம் போய் இரண்டாம் தலையில் அமர்ந்து பார்த்தேன். அசையாத வட்டம். உருண்டை உருண்டையாக வெள்ளணுக்கள். அக்கா எனக்குக் காட்டிய அதே படம்.

மறுநாள் அக்கா வந்ததும், உட்காருவதற்கு முன்பே சொன்னேன்.

“நேத்து என் ஸ்லைடை நானே பார்த்தேன் அக்கா. மன்னிக்கணும்.”

அவர் பையை மேசைமேல் வைத்தார். எதைப் பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை.

“சூடாவா?” என்றார்.

“சூடா.”

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “கதவைச் சாத்து” என்றார். சாத்தினேன்.

“உன் வீட்டுக்காரர் உனக்கு முன்னாடியே என்கிட்ட வந்தாரு. சிறுநீர் போனா எரியுதுன்னாரு. பார்த்தேன். இருந்துச்சு. எங்க போய் வாங்கிட்டு வந்தீங்கன்னு கேட்டேன். காலைப் பிடிக்காத குறைதான். பயிற்சிக்குன்னு வெளியூர் போனாரே, அப்போ யாரோ ஒருத்தியாம். ஒரே ஒரு தடவையாம். எல்லா ஆம்பளையும் ஒரே ஒரு தடவைதானே போவான்!”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எப்படிடீ சொல்றது? டீயில சர்க்கரை இல்லைன்னா அதுக்கும் நீ மன்னிப்புக் கேக்கிறவ. உன்கிட்ட வந்து, உன் புருஷன் இப்படின்னு எந்த வாயால சொல்றது? வயித்துல பிள்ளையோட வேற நின்னே. அவர்கிட்ட மாத்திரை குடுத்தேன். நீங்களும் போடுங்க, சத்து மாத்திரைன்னு சொல்லி அவளுக்கும் குடுத்துடுங்கன்னேன். சரின்னாரு.”

“குடுக்கலை.”

“உன் மாதிரி வந்தப்பதான் அது எனக்கே தெரிஞ்சுது. நீ டீ குடிக்கப் போன நேரத்துல பார்த்தேன், ஓடிட்டு இருந்துச்சு. அவரைக் கூப்பிட்டுக் கிழிச்சேன். பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து குடுக்கலைங்கிறாரு. அதுக்கு அப்புறம் நான் ‘உள்ளது’ன்னு எழுதினா, டாக்டர் உன் புருஷனையும் கூட்டிட்டு வான்னு சொல்வாங்க. எல்லாம் வெளிய வரும். ஏற்கெனவே தெரிஞ்சும் சொல்லலைன்னு நானும் மாட்டுவேன்.”

“அதனால ஆற வச்சீங்க.”

“பிரசவம் முடிஞ்சதும் எப்படியாவது மாத்திரை குடுத்துடலாம்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.”

“எழுதாம இருந்திருக்கலாம். ஏன் என்னை உக்கார வச்சுக் காட்டினீங்க?”

அக்காவுக்குக் கோபம் வந்தது. அவருடைய கோபம் எனக்குப் பழக்கம். எப்போதும் அதற்கு நான்தான் இறங்கிப் போவேன்.

“தப்புப் பண்ணது உன் புருஷன். என்னைக் குறுக்கு விசாரணை பண்றே. வீட்டுல போய்க் கேளு, இதே மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு! கேப்பியா? அங்கேயும் மன்னிக்கணும்னுதான் ஆரம்பிப்பே!”

“அவர் மறைச்சார் அக்கா. மறைக்கிறவங்க மறைப்பாங்க. நீங்க காட்டினீங்க. இதுதான் உன் உடம்புல இருக்கு, பாருன்னு காட்டினீங்க. நான் பார்த்துட்டு உங்களுக்கு நன்றி வேற சொன்னேன்.”

அவர் மேசைமேல் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். “குழந்தை இதனாலதான் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அதைத் தமக்குத் தாமே பலமுறை சொல்லிப் பழகியவர்போல் இருந்தது.

நான் கதவைத் திறந்துகொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“இது இருந்தா பிள்ளை முன்கூட்டியே பிறக்கிறது அதிகம்தாம்மா. ஆனா உனக்கு இதனாலதான்னும் சொல்ல முடியாது, இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா மருந்து குடுத்திருப்பேன். அதை மட்டும் சொல்லலாம்.”

“கர்ப்பத்துல அந்த மாத்திரை குடுக்கலாமா, டாக்டர்?”

“குடுக்கலாமே. குடுத்துட்டுத்தானே இருக்கோம்.”

மாலையில் வீட்டுக்குப் போனேன். என் கணவர் முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய படுக்கை அங்கேயே சுவரோரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. குழந்தை போன பின்பும் அவர் அதை உள்ளே கொண்டுவரவில்லை. துக்கத்தினால் என்று நான் எண்ணியிருந்தேன். தமக்குக் குணமான நோயை என்னிடமிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தத் தரையில் படுத்தார் என்பது அந்தச் சுருளைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

“எனக்கு என்ன நோய்னு தெரிஞ்சிடுச்சுங்க” என்றேன்.

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “யார் சொன்னா?”

“என்ன நோய்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“கழுகு சொல்லிடுச்சா? சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிச்சே!”

அவருக்கும் அக்கா சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். நானே கண்டுபிடிக்கும்வரை அந்த ஒரு சத்தியத்தை மட்டும் தவறாமல் காப்பாற்றியிருக்கிறார்.

“முதல்ல அவங்க சொல்லலைங்க. நான் பார்த்தேன்.”

“இங்க பாரும்மா, ஒரே ஒரு தடவை…” என்று தொடங்கினார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. மருந்தகத்தில் எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும், எதைப் பின் போட வேண்டும் என்று சொல்வாரே, அதே குரல். உள்ளே போய்ப் பையில் என் துணிகளை அடுக்கும்போதும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. நான் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மருந்து எளியது. வாயில் உலோகம்போல் ஒரு கசப்பு, அவ்வளவே. மருத்துவர் பிறகு என் மாதிரியைத் தாமே சூட்டோடு பார்த்தார், எதுவும் ஓடவில்லை என்றார். நான் எழுந்து போய்ச் சரிபார்க்கவில்லை.

இழந்தவற்றை எழுதி நிறுத்திக்கொள்கிறேன். ஒரு பெண் குழந்தை. அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. இன்னொரு குழந்தைக்கான வாய்ப்பு. கணவர், அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கழுகு அக்கா, அவர் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார், வழியில் எதிர்ப்பட்டால் இருவருமே வேறு பக்கம் பார்க்கிறோம். அமீபாவையும் ஜியார்டியாவையும் பார்க்கும்போது வந்த மகிழ்ச்சி. பிறர் காட்டியதை அப்படியே நம்பும் பழக்கம். ஆய்வக வேலையையும் விட்டுவிட்டேன். அதை இழப்பில் சேர்க்கலாமா என்று தெரியாததால் கடைசியில் எழுதுகிறேன்.